பத்துப் பேர் வேண்டிய செபம்

என் தோழியின் அப்பா இறந்த செய்தி வந்தபோது நாங்கள் இருவரும் ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் நின்றிருந்தோம். மருந்தியல் படிப்பின் மூன்றாம் ஆண்டு, நவம்பர் மாதம். அவளுடைய வெள்ளைக் கோட்டின் பைக்குள் கைபேசி விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ஆய்வுகூடத்துக்குள் கைபேசியைத் தொடக்கூடாது என்பது எங்கள் விரிவுரையாளரின் சட்டம். அறுபதை நெருங்கிய பெண்மணி அவர். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாலே வெளியே அனுப்பிவிடுவார். தோழி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கைபேசியைக் காதில் வைத்தபடி நின்றவள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

நான் ஓடினேன். "அப்பா," என்று மட்டும் சொன்னாள். பேர்கன் நகரத்தில், வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பிடத்திலேயே அவருடைய இதயம் நின்றுவிட்டிருந்தது.

விரிவுரையாளரும் வெளியே வந்தார். தானே போய்த் தோழியின் ஜக்கெற்றையும் பையையும் எடுத்துவந்து கொடுத்தார். டாக்சி வரும்வரை எங்களோடு வாசலில் நின்றார், ஆய்வுகூடக் கோட்டோடு, அந்தக் குளிரில்.

அவளும் நானும் பேசியதெல்லாம் நொஸ்க் என்னும் நோர்வே மொழியில்தான். ஆனால் இப்போது நினைக்கும்போது அவள் குரல் எங்கள் வீட்டுத் தமிழிலேதான் என் காதில் விழுகிறது. அவளுடைய பேச்சை மட்டுமல்ல, மற்றவர்களுடையதையும் அப்படியே எழுதுகிறேன்.

நான் ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் பிறந்து வளர்ந்தவள். ஐந்தாம் இலக்கத் தெபானா என்னும் நிலக்கீழ் ரயில் எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் தொடங்கி, நகரத்துக்கு அடியால் போய், பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிடும். முதலாம் ஆண்டில் பின்னேரங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்தே ரயிலேறுவோம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் நழுவிவிடுவாள். எங்கே போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்கு முன் பெட்டிக்குள் இருந்தவர்களை ஒரு தரம் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையிலை நாங்கள் கொஞ்சப் பேர் சேந்து சாப்பிடுறனாங்கள். நான் யூதப் பிள்ளை. உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. எனக்கு மனதில் பதிந்தது அவள் சொன்னதைவிட, சொல்லமுதல் அவள் பார்த்த பார்வைதான்.

கல்வியாண்டுத் தொடக்கத்தில் மாணவர் குழுக்கள் எல்லாம் முற்றத்தில் மேசை போட்டு, பலூன் கட்டி, ஆள் சேர்க்கும். தமிழ் மாணவர்களுக்கும் ஒரு மேசை உண்டு. நாங்கள் வடை கொடுப்போம். யூத மாணவர்களுக்கு மேசை கிடையாது. எந்த விடுதியில், எந்த மாடியில் கூடுவது என்பது அன்று மத்தியானத்துக்குப் பிறகுதான் கைபேசியில் வரும். மத்திய கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்த காலம். நூலகத்துக்கு முன்னால் மாணவர்கள் போரை எதிர்த்துக் கூடாரம் அடித்திருந்தார்கள். என் நண்பர்கள் சிலரும் அங்கே இருந்தார்கள். நானும் ஒருநாள் போய் நின்றேன். அதை அவளிடம் மறைக்கவில்லை.

"ஓம், கண்டனான்," என்றாள். "அங்கை சாகிற சனத்தை நினைச்சு நானும் அழுதிருக்கிறன். ஆனா இஞ்சை ஆக்கள் என்ரை பேரைக் கேக்கமுதல் என்ரை கருத்தைக் கேக்கினம்."

அது எனக்குப் புரிந்தது. இலங்கையில் எங்கள் போர் முடிவதற்குச் சற்று முன்பு நான் முதலாம் வகுப்பில் இருந்தேன். "உங்கள் நாட்டில் நடப்பதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஆசிரியை என்னை எல்லாருக்கும் முன்னால் எழுப்பிக் கேட்டார். நான் ஒஸ்லோவில் பிறந்தவள். அந்த நாட்டை அதுவரை பார்த்ததே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. எனக்கும் தோழிக்கும் எல்லாவற்றிலும் ஒரே கருத்து இருக்கவில்லை. ஆனால் எழுப்பிவிடப்பட்ட பிள்ளையின் நிலை இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

மாணவர் விடுதி ஒன்றின் பொதுச் சமையலறை. பக்கத்து அறையில் நீட்டு மேசை, ஒன்றோடொன்று பொருந்தாத கதிரைகள். ஏழெட்டுப் பேர். மெழுகுதிரி கொளுத்தினார்கள், பின்னிய பாணைப் பிய்த்து உப்பில் தொட்டுக் கொடுத்தார்கள், மேசையைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். அதற்குப் பிறகு ஒரே வாக்குவாதம். யார் பாத்திரம் கழுவுவது, அடுத்த கிழமை யார் சமைப்பது, போன பாட்டை யார் பிழையாகத் தொடங்கியது என்று. எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அவர்களில் ஒருவன் கோபன்ஹேகனிலிருந்து மருத்துவம் படிக்க வந்தவன். மற்றவர்கள் விரும்பியதை விரும்பியபடி கடைப்பிடிப்பவர்கள். அவன் மட்டும் உணவு விதிகளில் இம்மியும் பிசகமாட்டான். பொதுச் சமையலறையில் ஓர் அலுமாரிக்குப் பூட்டுப் போட்டுத் தன் சட்டி பானையைத் தனியே வைத்திருந்தான். ஆனால் மேசையில் அவனைப்போல் சிரிப்பவர் வேறு யாரும் இல்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிக்கயெம் என்று நாங்கள் சொல்லும் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்து சீருடையைத் தோய்க்கப் போட்டுக்கொண்டு நின்றவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யூதப் பிள்ளையோ? மெய்யாவோ?"

அம்மாவின் குரலில் வெறுப்பு இல்லை. ஆச்சரியம்தான். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் 'யூதர்' என்ற சொல் தவக்காலத்தில் மட்டும்தான் வரும். ஒவ்வொரு வருடமும் பெரிய கிழமைக்கு முன்பு எங்கள் சனம் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் போடும். அதில் சாட்டையோடு வருபவர்களுக்குப் பெயர் யூதர்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, பல வருடங்களாக அதில் முதல் யூதன். தாடி ஒட்டி, மூக்கை மெழுகால் பெருப்பித்து, பல்லை நறுநறுத்துக்கொண்டு அவர் மேடையேறினால் சின்னப் பிள்ளைகள் வீரிட்டு அழும். நானும் அழுதிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் என்னோடு ஒரே மேசையில் குடுவை கழுவும் ஒரு பெண்ணை வைத்துப் பார்க்க அம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அப்ப மாதாவின்ரை ஆக்கள்," என்றார் கடைசியில். "ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு வா. சாப்பிடட்டும்."

அவள் வந்தாள். அம்மாவை அன்ரி என்று கூப்பிடப் பழக்கினேன். அதற்குப் பிறகு பல தரம் வந்தாள். அதனால்தான் அவளுடைய அப்பா இறந்தபோது அது எங்கள் வீட்டுக்கும் ஒரு செத்தவீடாக இருந்தது.

பேர்கனில் யூதர்களுக்கென்று இடுகாடு இல்லை. அவரை ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நானும் அம்மாவும் போனோம். பூமாலை இல்லை, மேளதாளம் இல்லை, கனத்த பேச்சுகள் இல்லை. ஒரு சாதாரண மரப்பெட்டி. குழியை இயந்திரம் மூடவில்லை. வந்தவர்களே மண்வாரியை மாறி மாறி எடுத்து, மண் முழுவதையும் தள்ளி மூடினார்கள். ஒருவர் மண்வாரியை மற்றவரின் கையில் கொடுக்கவில்லை. மண்ணில் குத்தி வைத்தார், அடுத்தவர் எடுத்தார். துக்கத்தைக் கைமாற்றக்கூடாதாம். தோழி மூன்று தரம் எடுத்தாள். பெட்டியில் மண் விழுந்த சத்தத்துக்கு அம்மா என் கையைப் பிடித்தார்.

பிறகு தோழி தாயோடு பேர்கனுக்குப் போய் ஏழு நாள் துக்கம் இருந்துவிட்டு, பரீட்சைக்காகத் திரும்பி வந்தாள். வந்தவள் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். இறந்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் ஒரு செபம் அவர்களிடம் உண்டு. அதைத் தனியே சொல்ல முடியாது. சொல்பவரோடு சேர்த்துப் பத்து யூதர்கள் வேண்டும். நகரத்துச் செபக்கூடத்தில் அந்தப் பத்தில் பெண்களை எண்ணுவதில்லை. மாணவர் குழுவில் எண்ணினார்கள். கோபன்ஹேகன்காரன் மட்டும் தன் வீட்டு வழக்கப்படி அதற்குச் சம்மதமில்லாதவன். முதல் வருடம் இதைப் பற்றிப் பெரிய சண்டையாம். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னானாம்: "உங்கடை கணக்கிலை நான் ஒரு ஆள். என்ரை கணக்கை என்னட்டைக் கேக்காதேங்கோ." அதோடு சண்டை முடிந்துவிட்டது.

ஆனால் அந்தக் குழு எப்போதும் ஏழெட்டைத் தாண்டியதில்லை. போர் தொடங்கிய பிறகு இரண்டொருவர் வருவதையும் நிறுத்திவிட்டார்கள். மூன்று வெள்ளிக்கிழமை அவள் காத்திருந்தாள். மூன்றிலும் ஆள் சேரவில்லை.

"உன்ரை அப்பா செபம் எல்லாம் சொல்லுறவரோ?" என்று ரயிலில் கேட்டேன்.

"சீ. கப்பல் இஞ்சினியர். கடவுளைப் பற்றிக் கதைச்சாலே எழும்பிப் போயிடுவார்."

"அப்ப ஏன்?"

அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் நம்பிக்கை இருக்கோ எண்டு தெரியேல்லை. ஆனா ஒரு மனுசன் செத்துப்போனால் பத்துப் பேர் தங்கடை வீட்டைவிட்டு வெளிக்கிட்டு வரவேணும். அதை நம்புறன்."

முப்பதாம் நாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. அடக்கம் செய்ததிலிருந்து முப்பது நாள்; அதோடு துக்கத்தின் ஒரு பகுதி முடியும். அன்றைக்கு எப்படியாவது பத்துப் பேரைச் சேர்ப்பேன் என்று கோபன்ஹேகன்காரன் பொறுப்பெடுத்தான். ஒஸ்லோவில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகளிலும் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கிழமை முழுக்கத் தொலைபேசியில் தொங்கினான்.

இதை அம்மாவிடம் சொன்னதும் அவர் கண் விரிந்தது. "எங்களிலை முப்பத்தோராம் நாள் பூசை, அவையளிலை முப்பதோ? அப்ப சாப்பாடு ஆர் குடுக்கிறது?"

"பாணும் சீஸும் வாங்குவினமாம்."

"பாணோ? செத்தவருக்கு முப்பதாம் நாள், பாணோ?"

அம்மாவை மறிக்க முடியவில்லை. அவர்களுக்கு எங்கள் சட்டியில் சமைத்தது ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். அம்மா யோசித்தார். அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு புதுச் சட்டி, புது அகப்பை, புதுக் கத்தி வாங்கினார். மரக்கறிகளை முழுதாகவே பையில் போட்டுக்கொண்டு, சட்டியில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரைக்கூடக் கழற்றாமல், என்னோடு விடுதிச் சமையலறைக்கு வந்து சேர்ந்தார்.

கோபன்ஹேகன்காரன் வாசலிலேயே தடுமாறிப்போனான். பிறகு மரியாதையாக ஒவ்வொன்றாகப் பார்த்தான். தேங்காய்ப்பால் ரின்னைத் திருப்பித் திருப்பி வாசித்தான். தூளை மணந்து பார்த்துத் தும்மினான். "சட்டியை எனக்குத் தந்திடாதேங்கோ," என்றான். "என்ரை எண்டு ஆனால் எங்கடை சடங்குப்படி தண்ணியிலை முக்கி எடுக்கவேணும். உங்கடை சட்டியாவே இருக்கட்டும், நாங்கள் இரவல் வாங்கினதாய் இருக்கும். அடுப்பை மட்டும் நான் பத்தவைக்கிறன்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி என்ன பாஷை கதைக்குது?"

"டெனிஷ், அம்மா."

"முப்பது வருசமாய் நொஸ்க் கதைக்கிறன், ஒண்டும் விளங்கேல்லை."

நான் மொழிபெயர்த்தேன். நோர்வேயில் பிறந்த பிள்ளைகளுக்கே டெனிஷ் பாதிதான் விளங்கும் என்பதையும் சொன்னேன். அம்மாவுக்குத் திருப்தி. அவன் அடுப்பைப் பற்றவைத்தான். பிறகு ஒரு வெள்ளைப் பீங்கானில் பருப்பைக் கொட்டிப் பரப்பி, பூச்சி இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கத் தொடங்கினான். அம்மா கரண்டியோடு நின்று அதையே பார்த்தார். "இஞ்சை பிறந்ததுகளிலை பருப்புப் பாத்துப் போடுற ஒரு பிள்ளையை இண்டைக்குத்தான் காணுறன்," என்றார் எனக்குக் கேட்கும்படியாக.

ஆறு மணிக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேசை நிறைந்தது. தோழி கறுப்புச் சட்டையில், தலைமுடியைப் பின்னால் இறுக்கிக் கட்டி, சமையலறைக்கும் அறைக்குமாக நடந்தாள். எண்ணினார்கள். ஒன்பது பேர். பத்தாவது ஆள் நகரத்துக்கு வெளியே விவசாயம் படிக்கும் ஒரு பெண். பனியில் ரயில் நின்றுவிட்டதாக அவளிடமிருந்து செய்தி வந்தது. எப்போது நகரும் என்று தெரியாதாம்.

"நீயும் நானும் இருக்கிறம்தானே," என்றார் அம்மா என்னிடம். "எண்ணச் சொல்லு."

"எங்களை எண்ண ஏலாது அம்மா. யூதராய் இருக்கவேணும்."

அம்மா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டியை மூடிவிட்டுத் தலையாட்டினார். "பங்குச்சாமி இல்லாமல் பூசை வைக்கேலாத மாதிரி."

அறைக்குள் மெல்லக் கசமுசா தொடங்கியது. வராத பெண்ணை வீடியோ அழைப்பில் சேர்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஒரே அறையில் இருக்கவேண்டும் என்றார் இன்னொருவர். ஒன்பது பேரோடு சொல்லிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றது ஒரு குரல். தோழி எழுந்தாள்.

"வேண்டாம். ஏமாத்திச் சொல்லுறதெண்டால் நான் வீட்டிலை தனியச் சொல்லியிருப்பன்."

சமையலறைக்குள் வந்து குளிர்பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள். அழவில்லை. முகம் வெளுத்திருந்தது. அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். அவளிடம் நொஸ்க்கில் பேசத் தொடங்கியவர் பாதியில் தமிழுக்குத் தாவினார். நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தேன்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த புதிசு, பிள்ளை. வடக்கிலை, கடலோரம், மீன் பக்டரியிலை வேலை. அப்ப மன்னாரிலை எங்கடை அய்யா செத்துப்போனார். சண்டை. செய்தி வந்து சேர ரெண்டு மாசம். அந்த ஊரிலை கோயிலும் இல்லை, சாமியும் இல்லை. கத்தோலிக்க ஆள் எண்டு நான் ஒருத்திதான். செபமாலையைக் கையிலை எடுத்தால் பதில் சொல்ல ஆளில்லை. பாதியை நான் சொல்ல மற்றப் பாதியை ஆர் சொல்லுறது? என்னோடை மீன் வெட்டுற நொஸ்க்காரி ஒருத்தி வந்து பக்கத்திலை இருந்தாள். அவளுக்கு ஒரு வசனமும் தெரியாது. நான் நிப்பாட்டுற இடத்திலை எல்லாம் 'ம்' எண்டாள். முழுச் செபமாலையும் அப்பிடித்தான் முடிச்சனான்."

இதை அம்மா அதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை. தோழி அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது செல்லுமோ அன்ரி?" என்று கேட்டாள்.

"தெரியாது பிள்ளை. சாமியட்டைக் கேக்கேல்லை. கேட்டு, இல்லையெண்டு சொல்லிப்போட்டால்?"

தோழி சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போது கோபன்ஹேகன்காரனின் கைபேசி அடித்தது. கீழே யாரோ நிற்கிறார்கள், கதவைத் திறக்கவேண்டும் என்றான். ரயில் ஓடத் தொடங்கிவிட்டதாக்கும் என்று நினைத்துப் படியிறங்கி ஓடினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் தொப்பியும் தோளும் பனியாய் நின்றவர் எங்கள் ஆய்வுகூட விரிவுரையாளர்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பரீட்சையில் ஏதோ பிழை, அதைச் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவைத் திறந்தேன்.

"மேலை எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"அப்ப நான் வந்தது சரி." சப்பாத்தைத் தட்டிப் பனியை உதறினார். என் முகத்தைப் பார்த்தவர் என் கேள்வி என்னவென்று கண்டுகொண்டார். "நானும் யூதர்தான், அம்மாவின்ரை வழியிலை," என்றார். "கோபன்ஹேகன் தம்பி ஒரு வயசுபோனவவுக்குப் போன் பண்ணியிருக்கு. அவ எனக்குப் பண்ணினா. யன்னலாலை பனியைப் பாத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசிச்சனான். பிறகு வெளிக்கிட்டன்."

படியில் பாதி ஏறியதும் நின்றார். "துறையிலை ஒருத்தருக்கும் தெரியாது. அது அப்பிடியே இருக்கட்டும்."

"ஓம்," என்றேன். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எழுதலாமா என்று போன மாதம் கேட்டேன். பேர் போடாமல் எழுதச் சொன்னார்.

சமையலறைக்குள் அவர் நுழைந்ததும் தோழி கதிரையிலிருந்து எழுந்தாள். எதிரே நிற்பது யார் என்று அவளுக்குத் தெரிகிறது, ஆனால் ஏன் நிற்கிறார் என்று விளங்கவில்லை. இரண்டு வருடமாக எங்களுக்குத் துளித்துளியாக அளக்கக் கற்றுக்கொடுத்தவர். விரிவுரையாளர் அவள் தோளில் கையை வைத்தார். "அண்டைக்கு வாசலிலை நிண்டபோதே சொல்லியிருக்கலாம்," என்றார். "வாய் வரேல்லை." தோழி அவரைக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் மேசைக்குத் திரும்பினார்கள். பிறகு கோபன்ஹேகன்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு மாலைச் செபத்தைத் தொடங்கினான்.

நானும் அம்மாவும் சமையலறை வாசல் நிலையில் நின்றோம். தோழியின் முறை வந்தபோது அவள் எழுந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தாள். முதல் வரியில் குரல் உடைந்தது. பிறகு தாளம் பிடித்துக்கொண்டது. அந்தச் செபம் அரமேய மொழியில் இருக்கிறது, அதில் சாவு என்ற சொல்லே வராது, இறந்தவரின் பெயரும் வராது, கடவுளைப் புகழ்வது மட்டும்தான் என்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். கேட்டபோது அது விசித்திரமாக இருந்தது. அன்று நேரில் பார்த்தபோது அதன் பாரம் சொற்களில் இல்லை என்று விளங்கியது. அவள் நிறுத்தும் இடங்களில் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து "ஆமென்" என்றார்கள். அவள் அடுத்த வரிக்கு ஏறுவதற்கு அதுதான் படி. அது இல்லாவிட்டால் அவள் எங்கே கால் வைப்பாள்?

மூன்றாவது ஆமெனில் என் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. அம்மா. தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கோயிலில் சொல்வதுபோலவே இழுத்து, "ஆமென்" என்றார். அவர் தெரிந்து சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. செபம் நின்றால் அம்மாவின் வாய் ஆமென் என்றுதான் திறக்கும். கோபன்ஹேகன்காரன் ஒரு கணம் இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு புத்தகத்துக்குத் திரும்பினான். அடுத்த ஆமெனை நானும் சொன்னேன்.

அதன்பின் எல்லோரும் பசியோடு சாப்பிட்டார்கள். விரிவுரையாளர் பருப்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். விவசாயம் படிக்கும் பெண் நனைந்த தலையோடு ஓடிவந்தபோது சட்டியில் சோறு அடியில்தான் கிடந்தது. அம்மா அதைச் சுரண்டிக் கொடுத்தார்.

அடுத்த கிழமை ஆய்வுகூடத்தில் எல்லாம் பழையபடி. தோழி நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியைப் பார்த்து, "கண்ணிலை போடும், இல்லாட்டி வெளியாலை போம்," என்றார் விரிவுரையாளர் அதே குரலில். தோழி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது விடுதிக்கு வரத் தொடங்கினார். அவரைப் பார்த்து, வராமல் விட்டிருந்த இருவர் திரும்பி வந்தார்கள். எல்லா வாரமும் பத்து சேர்ந்தது என்று சொல்லமாட்டேன். சேராத வாரங்களில் சும்மா சாப்பிட்டுவிட்டுச் சண்டை பிடித்தார்கள்.

தவக்காலம் வந்தது. பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. மாமா மெழுகு மூக்கோடு தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்தார். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அந்த மூக்கைக் கழட்டு தம்பி."

"ஏனக்கா? வருசா வருசம் போடுற மூக்குத்தானே."

"சாட்டையாலை அடிச்சது ரோமன் சேவகர். வேதத்திலை அப்பிடித்தான் கிடக்கு. பிறகேன் யூதன் எண்டு வாறாய்?"

"பழைய கொப்பியிலை அப்பிடித்தானே எழுதியிருக்கு. எங்கடை அப்பு காலத்திலை இருந்து ஆடுறது."

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை இருக்கு. அது வந்து முன்வரிசையிலை இருந்தால் உன்ரை மூக்கை எங்கை வைப்பாய்?"

மாமா தேத்தண்ணியைக் குடித்தார். நாடகக்காரரிடையே இது பெரிய கதையாகிவிட்டது. வழக்கத்தை மாற்றக்கூடாது என்று சிலர் முறைத்துக்கொண்டு அந்த வருடம் நடிக்கவே வரவில்லை. அம்மாவோடு கதைப்பதை நிறுத்தியவர்களும் உண்டு. மாமா அந்த வருடம் சேவகன் உடுப்பில், தன் சொந்த மூக்கோடு மேடையேறினார். வசனத்தில் இரண்டு இடத்தில் பழக்கதோஷத்தில் 'யூதர் நாம்' என்றே வாயில் வந்துவிட்டது. அம்மா முன்வரிசையிலிருந்து செருமினார். தோழியை நாடகத்துக்கு நான் கூப்பிடவில்லை. கூப்பிடுமளவுக்கு அது இன்னும் மாறவில்லை என்று எனக்குப் பட்டது.

தோழி பதினொரு மாதம் அந்தச் செபத்தைச் சொன்னாள், ஆள் சேர்ந்த போதெல்லாம். அதன் பிறகு, கல்லறைக்குக் கல் வைக்கும் நாள் வந்தது. ஒக்டோபர் மாதத்தின் நல்ல வெயில் நாள். தோழியின் தாய் பேர்கனிலிருந்து வந்திருந்தார். விடுதிக் குழு முழுவதும் வந்தது. விரிவுரையாளரும் வந்தார், பட்டப்பகலில், எங்களோடு ஒரே பஸ்ஸில். கடைசித் தடவையாகச் செபம் சொல்லப்பட்டது. இந்த முறை தோழி தாளைப் பார்க்கவில்லை. அம்மாவும் நானும் வேண்டுமென்றே, தெரிந்துகொண்டே, ஆமென் சொன்னோம்.

திரும்பும்போது பஸ் தரிப்பிடத்தில் எல்லோரும் கூட்டமாக நின்றோம். தோழிதான் வாயைத் திறந்தாள்.

"எங்கடை அப்பாவுக்கு இறால் எண்டால் உயிர்," என்றாள்.

கோபன்ஹேகன்காரன் திரும்பினான். இறால் அவர்களுக்கு விலக்கு.

"பேர்கன் மீன் சந்தையிலை சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு கடுதாசிப் பை நிறைய வாங்குவார். வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். துறைமுகத்திலை ஒரு வாங்கிலை இருந்து, கோதை உரிச்சுக் கடலுக்கை எறிஞ்சுபோட்டு, 'கடவுள் கண்டால் கடலுக்குத் திருப்பிக் குடுக்கிறன் எண்டு நினைப்பார்' எண்டுவார். எனக்கும் பாதி தருவார். அம்மாவுக்குச் சொல்லாதே எண்டுவார்."

"எனக்குத் தெரியாமலோ?" என்றார் அவள் தாய். "ரெண்டு பேரின்ரை கையும் பின்னேரம் வரைக்கும் மணக்கும்."

முதலில் சிரித்தவன் கோபன்ஹேகன்காரன்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை, தரிப்பிடத்துக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அம்மா என்ன சங்கதி என்று என் கையைச் சுரண்டினார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிய பிறகு மீதியைச் சொன்னேன்.